கப்பலுக்கு நாள் பார்த்தல்

"அம்மாவுக்கு எழுபது வருது. எல்லாரும் சேர்ந்து ஒரு கப்பல்ல போவம். நான் இஞ்ச பார்த்தனான். நாலு பேர் படுக்கிற அறை இன்னும் ரெண்டுதான் கிடக்காம். இண்டைக்கே புக் பண்ணினா நல்ல விலை."

சூரிச்சில் இருந்து பெரியண்ணன் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழு பேர் சுற்றியிருந்து கேட்டோம். பிள்ளைகள் துள்ளினார்கள். அம்மா மட்டும் எழும்பிப் போய்ச் சுவரில் கிடந்த கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"எந்த மாசமாம், மனே?"

அண்ணன் விலையைப் பார்த்தார், அம்மா மாதத்தைப் பார்த்தாள். கலியாணத்துக்கும் குடிபுகுதலுக்கும் ஏடு தொடக்கவும் நாள் பார்க்கிற வீட்டில் கப்பலுக்கும் நாள் பார்ப்பதில் புதினமில்லை என்று அப்போது சிரித்துவிட்டோம். பிறகு பயண முகவர்கள், கப்பலில் போய்வந்தவர்கள், போக நினைத்துக் காசை இழந்தவர்கள் என்று பலரோடு கதைத்துப் பார்த்தேன். சிரித்தது பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் மட்டக்களப்பில் உல்லாசக் கப்பல் பற்றி யாரும் கதைத்ததில்லை. இப்போது கதைக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வசதி மட்டுமல்ல. ஒரு பிள்ளை சுவிஸில், ஒன்று ரொறன்ரோவில், ஒன்று இலண்டனில், ஒன்று ஊரில் என்று சிதறிய குடும்பம் எங்கே கூடுவது? வெளிநாட்டுக்காரர் ஊருக்கு வந்தால் முதல் கிழமை விருந்து, இரண்டாம் கிழமை கோயில், மூன்றாம் கிழமை காணிப் பிரச்சினை. சிங்கப்பூரில் கூடி, பினாங்கு, புக்கெற் பக்கம் மூன்று நாலு இரவு போய்வரும் கப்பலில் ஏறினால் காணிக் கதை எடுக்க ஆளில்லை. சமைக்கவும் வேண்டாம். இந்த இரண்டாவது காரணத்தை எங்கள் வீட்டுப் பெண்கள்தான் சொன்னார்கள், கொஞ்சம் அழுத்தியே.

கப்பல் கம்பனி விலை போடும் விதம் விளங்க வேண்டுமென்றால் விடிய ஆறு மணிக்குக் கல்லடிப் பாலத்தடிக்குப் போய் நில்லுங்கள். இரவு வாவியில் வலை போட்டவர்களின் இறாலும் நண்டும் கூறு கூறாகக் கிடக்கும். முதலில் ஹோட்டல்காரரின் வான் வரும். சொன்ன விலைக்கு எடுப்பார்கள். எட்டு மணிக்குக் கந்தோருக்குப் போகிறவர்கள் நின்று பேரம் பேசுவார்கள். வெயில் ஏற ஏறக் கூறு பெருக்கும், விலை இறங்கும். விற்காத இறால் மத்தியானத்துக்குள் நாறிவிடும் என்பது விற்கிறவளுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும்.

விற்காத அறைக்கும் அதே கதிதான். கப்பல் சங்கு ஊதியதும் அதன் பெறுமதி பூச்சியம். அதோடு நிற்காது. ஆளில்லாத அறையில் இருந்து யாரும் கடைக்கும் மதுச்சாலைக்கும் போய்ச் செலவழிக்கப் போவதில்லை. அதனால் கடைசி நேரத்தில் குறைந்த விலைக்காவது ஆளை ஏற்றப் பார்ப்பார்கள். கடைசிவரை பொறுத்தால் மலிவு என்ற பேச்சு பிறந்தது இப்படித்தான்.

ஆனால் இறால் விற்கிறவள் எல்லாக் கூறையும் வெளியே வைப்பதில்லை. இரண்டு நல்ல கூறைக் கடகத்துக்குள் இலையால் மூடி வைத்திருப்பாள், இன்னொரு வான் வரக்கூடும் என்று. அவள் மனதில் போடும் இந்தக் கணக்கை 1972இல் பிரித்தானிய விமானக் கம்பனியான பிஓஏசியில் வேலை செய்த கென் லிட்டில்வுட் என்பவர் சூத்திரமாக எழுதிவைத்தார். மலிவு விலைக்காரர் கையில் தருவது, பிறகு வரக்கூடிய முழுவிலைக்காரரிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதலாக இருக்கும்வரை மலிவில் வில். அதற்குமேல் மலிவுக் கதவைச் சாத்து. விமானம், ஹோட்டல், கப்பல் எல்லாவற்றின் விலையும் இன்று இந்த வேரில் இருந்துதான் துளிர்க்கிறது. இப்போது கணக்கைப் போடுவது கணினி, அதுவும் நாளுக்குப் பல தடவை.

கப்பலின் வருடம் எப்படி ஓடுகிறது என்றால், ஒரு பயணத்துக்கான விற்பனை ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு முன்பே திறந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை, மேற்கு நாட்டவர் குளிரில் முடங்கிக் கோடையைக் கனவு காணும் நேரத்தில், சலுகைகள் அடுக்கடுக்காக வரும். அந்தத் தொழிலில் அதற்கு ‘அலைப் பருவம்’ என்று பெயர். பெரும்பாலும் விலை குறைவதைவிட இனாம் கூடும்: குடிவகைப் பொதி, இணைய இணைப்பு, கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் வரவு. ஒரு கிழமை போகும் பெரிய கப்பல்களில் மிச்சக் காசைப் பயணத்துக்கு 75 முதல் 90 நாளுக்கு முன் கட்டிமுடிக்க வேண்டும். அன்று கட்டாதவர்களின் அறைகள் திரும்பச் சந்தைக்கு வரும். விலை விழுவதென்றால் அந்த நாட்களைச் சுற்றித்தான் விழும். கையில் சூட்கேஸோடு காத்திருக்கும் ஓய்வுபெற்ற சோடிகளுக்கு அது பொற்காலம்.

எங்களுக்கு? மூன்று காரணத்தால் இல்லை.

நாலாவது கட்டில்

கப்பல் அறையின் விலை இருவருக்கானது. மூன்றாம் நாலாம் ஆளுக்கு மேலே மடக்குக் கட்டிலோ சோபாக் கட்டிலோ கிடைக்கும், கட்டணமும் குறையும். ‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்ற விளம்பரம் இந்தக் கட்டில்களைப் பற்றியதுதான். சிறிய எழுத்தை வாசித்தால் பாடசாலை விடுமுறை நாட்களுக்கு அது செல்லாது, துறைமுக வரி வேறு என்று இருக்கும். அமெரிக்கக் கம்பனிக் கப்பல்களில் ஊழியருக்கான அன்பளிப்பென்று ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டொலர் வரை சேர்ப்பதும் வழக்கம். நாலு வயதுப் பிள்ளையும் அதில் ஓர் ஆள். ஐந்து பேர் ஒரு கிழமை போனால் அதுவே 500 டொலரைத் தாண்டும். விலைப்பட்டியலின் முதல் வரியில் இதைத் தேடாதீர்கள்.

நாலு கட்டில் அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான், முதலில் போவதும் அவைதான். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 1912இல் டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு எழுந்த பாதுகாப்பு விதிகளால், உயிர்காப்புப் படகுகளில் எத்தனை பேருக்கு இடமோ அதற்குமேல் ஆள் ஏற்ற முடியாது. அறை இருக்கும் பகுதிக்கான படகு நிரம்பிவிட்டால், மேல்கட்டில் வெறுமையாகக் கிடந்தாலும் மூன்றாம் ஆளை எடுக்கமாட்டார்கள். கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைப்பது இருவர் அறைதான். நாலு பேர் குடும்பம் அப்படிப் போட்டால் தகப்பனும் மகனும் ஐந்தாம் தட்டில், தாயும் மகளும் ஒன்பதாம் தட்டில்.

ஆகவே அண்ணன் சொன்ன ‘இன்னும் ரெண்டுதான்’ என்பதை நான் அவ்வளவு சந்தேகிக்கவில்லை. இருவர் அறைக்கு அப்படிச் சொன்னால் வியாபாரத் தந்திரமாக இருக்கலாம். நால்வர் அறைக்குச் சொன்னால் பெரும்பாலும் உண்மை.

கச்சானும் வாடையும்

உலகத்து உல்லாசக் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்கு வருவது பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் அது நல்ல காலம். எங்கள் பக்கமோ அப்போது வாடை, மழை, வெள்ளம். எங்களுக்குக் கடல் படுத்திருப்பது சித்திரைக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில். பாசிக்குடா நிரம்புவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் பெரிய கப்பல்கள் மத்தியதரைக் கடலிலும் அலாஸ்காவிலும் நிற்கும். கப்பல்காரரின் பருவமும் கிழக்குக் கரையின் பருவமும் முதுகுக்கு முதுகு.

இது பழைய வில்லங்கம். 1928இல் ரயில் மட்டக்களப்புக்கு வரும்வரை கொழும்புக்குப் போக வசதியான வழி, தீவைச் சுற்றி ஓடிய லேடி ஹவ்லொக், லேடி கோர்டன் போன்ற நீராவிக் கப்பல்கள். முகத்துவாரத்தின் மணல்மேட்டைத் தாண்டிக் கப்பல் உள்ளே வர முடியாது. வெளியே கடலில் நிற்கும் கப்பலுக்குத் தோணியில் போய் ஏற வேண்டும். வாடைக் காலத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்பதை முகத்துவாரத்தில் மார்கழியில் ஒருதரம் நின்றவருக்குச் சொல்லத் தேவையில்லை.

அண்மைக் கதை இரண்டு. 2023 ஜூனில் சென்னையில் இருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோனது. பருவம் சரி. ஆனால் பயணம் தொடங்கியது சென்னையில். பஸ்ஸில் மூன்று நாலு மணித்தியாலத்தில் போகக்கூடிய திருகோணமலைக்கு மட்டக்களப்பான் கப்பலில் வர வேண்டுமென்றால் முதலில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்க வேண்டியிருந்தது.

மற்றது நாகபட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல். 2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி ‘செரியபாணி’ புறப்பட்டபோது வழமையான கட்டணம் வரியோடு 7,670 இந்திய ரூபா. முதல் நாளுக்கு மட்டும் சலுகையாக 2,800 சொச்சம். மலிவென்று பாய்ந்தவர்கள் நல்லாகத்தான் போனார்கள். சரி, அடுத்த முறை பார்ப்போம் என்று இருந்தவர்களுக்கு அடுத்த முறை வரவில்லை. ஒரு கிழமைக்குள் வாடையைக் காரணம் சொல்லிச் சேவையை நிறுத்திவிட்டார்கள். திரும்ப ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கியது 2024 ஓகஸ்ட் 16. அதுவும் மாரிக்கு நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வெளிக்கிட்டது. ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு கப்பல் ஏன் மலிவு என்று மட்டக்களப்பில் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

மேற்கிலும் இதே கணக்குத்தான். கரீபியன் பக்கம் செப்ரெம்பர், ஒக்ரோபரில் விலை விழுவது அது சூறாவளிப் பருவம் என்பதால். மலிவான மாதத்தைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு’ அல்ல, ‘ஏன்’.

இனி வீட்டுக் கலண்டர். அம்மா பென்சில் எடுத்துக் கோடு போடத் தொடங்கினாள். வைகாசி முழுக்க வெட்டு: கண்ணகி அம்மன் சடங்கு, குளிர்த்தி. அந்த நாளில் ஊரை விட்டு வெளிக்கிடுவதாவது! ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். அதற்கு முந்திய திருவிழா நாட்களும் வெட்டு. மாரி முழுக்க அவளுக்குக் கடலே வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 சுனாமியும் அவள் கண்ணால் கண்டவை. சிங்கப்பூர்க் கடல் வேறு கடல் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

அடுத்த கோடு பிள்ளைகளுடையது. சித்திரை, ஓகஸ்ட், மார்கழி என்று நிலையாக இருந்த பாடசாலை விடுமுறை கொரோனாவுக்குப் பிறகு ஆட்டம் கண்டது. 2023ஆம் ஆண்டுக்கான கல்வியாண்டு மார்ச் கடைசியில்தான் தொடங்கியது, 2024க்கானது பெப்ரவரியில். உயர்தரப் பரீட்சை ஜனவரிக்குப் போனது, பிறகு நவம்பருக்கு வந்தது, வந்த இடத்தில் 2024இல் வெள்ளத்தால் இடையில் நின்றது. உயர்தரம் எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்கழிப் பயணத்துக்கு முன்பணம் கட்டுவது சூது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கலண்டரே வேறு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை உண்டு. அந்தக் குடும்பங்கள், நோன்பு முடிந்த கையோடு, மற்றப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துப் போகலாம். ஓட்டோவில் போய்வரக்கூடிய கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஒன்றுக்கு விலை உச்சம், மற்றதுக்கு இறக்கம்.

கடைசியாக சூரிச் பிள்ளைகளின் கோடை விடுமுறை, ஜூலை நடுவில் இருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி கடக்கும்வரை. நாலு கலண்டரையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். வருடத்தில் மிஞ்சியது ஓகஸ்டில் ஆறே நாள்.

எந்த மாதம் மலிவு என்ற அண்ணனின் ஆராய்ச்சி அந்த இடத்தில் முடிந்துபோனது. இனிக் கேள்வி, அந்த ஆறு நாளுக்கான அறையை எத்தனை மாதம் முந்திப் பிடிப்பது என்பது மட்டும்தான்.

பாஸ்போட்டும் டொலரும்

மூன்றாவது காரணத்தைப் பற்றிச் சுவிஸ் பாஸ்போட் வைத்திருக்கும் அண்ணனுக்கு யோசனையே இருக்கவில்லை. கடைசி நேர மலிவு விலை என்பது பலமான பாஸ்போட்டுக்காரருக்காக உண்டானது. இலங்கையர் சிங்கப்பூருக்கு விசா இல்லாமல் போகலாம். ஆனால் கப்பல் பினாங்கில் நின்றால் மலேசிய விசா முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். ஐரோப்பியத் துறைமுகம் என்றால் ஷெங்கன், வங்கிக் கணக்குப் படிவங்கள், கொழும்புக்கு இரண்டு நடை. கீழே இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருக்கிறோம் என்றாலும் பல கம்பனிகள் ஆவணம் இல்லாதவரை ஏற்றுவதில்லை. ஐம்பது நாளுக்கு முன் பாதி விலைக்கு ஓர் அறை வந்தால் அதை வாங்கி நாங்கள் என்ன செய்வது? 2024 கடைசியில் பாஸ்போட் புத்தகத் தட்டுப்பாட்டால் பத்தரமுல்லைப் பாஸ்போட் கந்தோரில் சனம் விடியவிடிய வரிசையில் நின்றதை மறக்கவில்லை.

டொலரும் அப்படி. 2022 மார்ச் தொடக்கத்தில் 1,000 டொலருக்கு இரண்டு இலட்சம் ரூபா சொச்சம். ரூபாவை மிதக்கவிட்ட பிறகு மே நடுவில் அதே 1,000 டொலர் மூன்று இலட்சத்து அறுபதாயிரம். கப்பல்காரர் ஒரு சதமும் கூட்டவில்லை, எங்களுக்கு மட்டும் கூடிவிட்டது. சுவிஸ் பிராங்கில் சம்பாதிக்கும் அண்ணன் கட்டுவாரா, ரூபாவில் சம்பாதிக்கும் தம்பி தன் பங்கைச் சீட்டு எடுத்துக் கட்டுவாரா என்பதை முதலிலேயே பேசி முடிப்பது நல்லது. நாங்கள் பேசவில்லை. அது வேறு கதை.

விசாரித்துத் திரிந்ததில் ஒரு முகவர் முழுக்காசையும் முன்கூட்டிக் கட்டினால் பத்து வீதம் குறைப்பதாகச் சொன்னார். பயணம் நின்றால் காசு திரும்பாது. "காப்புறுதி இருக்கே தம்பி" என்றார். காப்புறுதிப் பத்திரத்தை வாங்கி வாசித்தேன். வாழ்க்கைத் துணை, தாய் தகப்பன், பிள்ளைகள், கூடப்பிறந்தோர். இவர்களில் ஒருவர் செத்தால் பணம் தருவார்கள். பெரும்பாலான காப்புறுதிகள் இப்படித்தான்.

மட்டக்களப்பில் அது போதுமா? படுவான்கரையில் அம்மாவின் தாய்மாமன் இருக்கிறார், தொண்ணூற்றிரண்டு வயது. தாய்வழியாகக் குடி எண்ணுகிற ஊர் இது. தாய்மாமனைவிட நெருக்கம் யார்? புறப்படுகிற கிழமை அவர் கண்ணை மூடினால் அம்மா கப்பலில் ஏறுவாளா? துடக்கு முடியும்வரை வாசலைத் தாண்டமாட்டாள். அவள் இல்லாமல் நாங்கள் போவதில் அர்த்தமில்லை. காப்புறுதிக்காரரின் ‘நெருங்கிய உறவு’ இவர்களோடு முடிகிறது. எங்களுடையது மூன்று ஊர். ஒரு வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் 24 வாரம் தாண்டிய கர்ப்பிணியையும் பல கப்பல்கள் ஏற்றுவதில்லை. பதினொரு மாதம் முந்திப் புக் பண்ணும்போது வீட்டு இளம் சோடிகளிடம் இதை எப்படிக் கேட்பது என்பதை அம்மாவிடமே விட்டுவிட்டேன்.

அதனால் பத்து வீதத்தை வேண்டாம் என்றோம். முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையில், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று, பதினொரு மாதம் முந்தி இரண்டு நால்வர் அறை போட்டோம். இதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: மிச்சக் காசு கட்டும் நாளுக்கு முன் விலை இறங்கினால், பல கம்பனிகளில் கேட்டால் புதிய விலைக்கு மாற்றித் தருவார்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள். மாதத்தில் முதலாம் திகதி விலை பார்ப்பது சின்னத் தம்பியின் வேலை. மூன்று மாதமாகப் பார்க்கிறான். ஒருதரம் கூடியது, இரண்டுதரம் அசையவில்லை.

அறை போடுவதற்கு முன், இந்த ஆடிக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். மாமாங்கத் தீர்த்தம் முடிந்து, வளர்பிறை ஏறிப் பறுவம் வந்த இரவு, பிள்ளைகளுக்கு மீன் பாடுவதைக் காட்டுவோம் என்று கல்லடிப் பாலத்தடியில் ஒரு போட்டைப் பிடித்தோம். 1859இல் வந்த தன் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ற் எழுதியதும், 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்ததும் இதே தண்ணீரில் எழும் ஒலியைத்தான். 1924இல் கட்டிய பழைய பாலத்தின் கீழே, 2013இல் திறந்த புதிய பாலத்தின் வெளிச்சம் படாத பக்கமாக நிறுத்தினார் போட்காரர். இயந்திரத்தை நிற்பாட்டித் துடுப்பை நிமிர்த்தித் தண்ணீருக்குள் இறக்கினார். மேல் நுனியில் காதை வைக்க வேண்டும். அம்மா முதலில் வைத்தாள். கண்ணை மூடினாள். கனநேரம் எடுக்கவில்லை.

"கேக்குதா அம்மம்மா?"

"கதைக்காத புள்ள."

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காது வைத்தார்கள். ஒருத்திக்குத் தந்தி தெறித்த மாதிரி இருந்ததாம், இன்னொருவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு மேலே பாலத்தில் போன மோட்டார் சைக்கிள்தான் கேட்டது. எல்லாருக்குமாகப் போட் முழுசுக்கும் ஒரே விலை. ஆள் கணக்கில்லை, முன்பதிவில்லை. கரைக்கு வந்து இறங்கும்போது அண்ணனுக்குப் பழக்கதோஷம் விடவில்லை.

"நாளைக்கு நிலவு தேயத் தொடங்கிருமே. நாளைக்கு வந்தா குறைச்சுத் தருவீங்களா?"

போட்காரர் கயிற்றைக் கட்டிக்கொண்டே வானத்தைப் பார்த்தார்.

"காத்து விழுந்தாத் தான் நாளைக்குப் போட் இறங்கும், அண்ணன். விலை இதேதான்."